சீமைக்குப் போன அரைக்கிலோ

சீசன்காரர்களை எனக்குப் பிடிக்காது. ஏப்ரல் பிறந்தால் போதும், கீழிருந்து கார் காராக ஏறி வருவார்கள். தலையில் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, எவனோ வளர்த்த தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று, பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். குன்னூரில் அவர்களைப் பார்த்து நான் சிரிக்காத வருஷம் இல்லை. அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டு வயதில் தன்னந்தனியாக விமானம் ஏறி, பதினைந்து நாள் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். என் விசாவில் சுற்றுலாப் பயணி என்றே போட்டிருந்தார்கள். தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

நான் போனது ஊர் பார்க்க அல்ல. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை பேக்டரியில் நான் டீ மேக்கர். விவசாயிகளிடம் பச்சை இலையை வாங்கி, வாட்டி, அரைத்து, உலர்த்தி, தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புகிற பேக்டரி. இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போவதுவரை என் பொறுப்பு. தேயிலை விலை விழுந்து அப்போது மூன்றாவது வருஷம். சோலூர்ப் பக்கம் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு கேரட் விதைக்க ஆரம்பித்திருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் ஓடிய எங்கள் பேக்டரி இரண்டு நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் முதலாளி கதவையே பூட்டிவிட்டார். நாற்பது பேர் வீட்டில் உட்கார்ந்தோம்.

என் சிநேகிதன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஊட்டி காந்தல்காரன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அங்கே போய் இருபது வருஷம் ஆகிறது. அவன் இருக்கும் ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தேயிலைக் கடை வைத்திருக்கிறாளாம். சின்னக் கடைதான், ஆனால் அவள் கலந்து கொடுக்கும் தேயிலைதான் சுற்றுப்பட்ட ஊர்க் கடைகளுக்கெல்லாம் போகிறதாம். ஏலம், புரோக்கர் எதுவும் இல்லாமல் பேக்டரியிலிருந்து நேரடியாக வாங்க ஆசைப்படுகிறாள் என்று சிநேகிதனின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் போன் போட்டான். “டேய், சேம்பிள எடுத்துக்கிட்டு நீயே வந்துருடா. ஆள நேர்ல பார்த்தா நம்புவாங்க. ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு.”

முதலாளியிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். “டீ மேக்கரே, நீங்க போயிட்டு வந்து ஒரு பதில் சொல்லுங்க. பழைய இரும்புக்காரன் மெசினுக்கு வெல கேட்டுட்டே இருக்கறானுங்க. அவன வரச் சொல்றதா வேண்டாமான்னு அப்பறம் பார்த்துக்கலாம்” என்றார். ஆக நாற்பது பேருக்கும் மறுபடி வேலையா, இல்லை மெசின் லாரியில் ஏறுமா என்பது என் பைக்குள் இருக்கும் அரைக்கிலோ தூளில் வந்து நின்றது.

அந்த அரைக்கிலோவை நான் எப்படிப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். பூட்டிய பேக்டரியை ஒரே ஒரு நாள் திறந்தோம். தெரிந்த விவசாயி ஒருவர் தோட்டத்தில், அதிகாலைப் பனி போனதும், நாலு பெண்களை விட்டு இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளி எடுத்தோம். வழக்கமாக இலை வெட்டும் கத்திரியே படவில்லை. வாட்டும் தொட்டி ஒன்றில் மட்டும் இலையைப் பரப்பி, மணிக்கு ஒரு தரம் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, பதம் வந்த பிறகுதான் மெசினில் விட்டேன். உலர்த்தும் அடுப்புப் பக்கத்திலிருந்து நான் நகரவில்லை. கடைசியில் தூளில் இருந்த சிவப்புக் காம்பு, நார் எல்லாவற்றையும் எங்கள் சலிப்பறையில் வேலை செய்யும் ஒரு அம்மா, வெள்ளைத் துணி விரித்து, மூன்று நாள் உட்கார்ந்து விரல் நுனியால் பொறுக்கி எடுத்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவளுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

“ஐயா, நாங்க கண்டியில இருக்கறப்ப தொரைக்குன்னு தனியா ஒரு டப்பாவுல எடுத்து வெப்பாங்க. இதும் அந்த மாதிரிங்களா?” என்று கேட்டாள்.

“சேம்பிள்ன்னா அப்படித்தான் இருக்கணும். எல்லா பேக்டரியும் இப்படித்தான் அனுப்புது. நீ பொறுக்கும்மா” என்றேன். அவள் மறுபடி துணிமேல் குனிந்தாள்.

இனி சீமைக்கு வருவோம். சிநேகிதன் வீட்டில் போய் இறங்கினதும் அவன் மனைவி கேட்டாள். “ஏனுங்கண்ணா, டீ போடட்டுங்களா?” போடட்டுங்களா என்றால் என்ன என்று நினைத்தீர்கள்? நூல் கட்டின ஒரு பொட்டலம். அதைச் சுடுதண்ணீரில் மூன்று தரம் முக்கி எடுத்துவிட்டு, ஐஸ்பெட்டியிலிருந்து பாலை அப்படியே பச்சையாக ஊற்றினாள். கர்மம்! எனக்குக் காபி போதும் என்றேன். டீ மேக்கருக்குக் காபியா என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். “நாக்க பத்திரமா வெச்சுக்கணுங்க. கண்ட டீயும் குடிச்சா ருசி செத்துப்போயிரும்” என்று ஒரு போடு போட்டேன். பேக்டரியிலும் நான் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபிதான் கொண்டுபோவேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

கிழவியை எப்போது பார்க்கலாம் என்றேன். சனிக்கிழமைதான் அவள் வெளி ஆட்களைப் பார்ப்பாளாம். அன்று ஞாயிறு. அதுவரை? சிநேகிதனுக்கும் மனைவிக்கும் ஆபீஸ். அவன் ஒரு முழு வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதி என் கையில் கொடுத்தான். எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும், எல்லாம் வரிசையாக. “எதையும் விட்றாதடா. ஒண்ணொண்ணும் பார்க்க வேண்டியது” என்றான். போகாவிட்டால் கோபித்துக்கொள்வான். சேம்பிள் டப்பாவை வீட்டில் விட்டுப் போக மனசு வரவில்லை. தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மகாராணி வீட்டு வாசலில் முதல் நாள். காவல்காரன் மாறுகிறானாம், அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். எங்கள் பேக்டரியில் தினமும் ஷிப்டுக்கு ஷிப்டு வாட்ச்மேன் மாறுகிறான், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே கரடிமுடித் தொப்பி போட்டவன் காலைத் தூக்கி வைத்தால் கைதட்டுகிறார்கள். மழை வேறு. எனக்கு முன்னால் நின்ற சீனாக்காரர் குடையிலிருந்து தண்ணீர் முழுக்க என் பைமேல் வடிந்தது. டப்பாவைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேயிலைத் தூளுக்கு ஈரம் ஆகாது.

மறுநாள் கல் பார்க்கப் போனேன். கல் என்றால் கல்தான். பொட்டல் காட்டில் நாலைந்து பெரிய கல்லை வட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிலது விழுந்து கிடக்கிறது, எடுத்து நிறுத்தக்கூட ஆள் இல்லை. கிட்டே போகக் கூடாது, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள், அது அரைமணி நேரம் பேசியது. கடைசியில் இந்தக் கல்லை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று தெரியாது என்று முடித்தது. தெரியாது என்று சொல்ல எதற்கப்பா அரைமணி நேரம்?

பிறகு ஒரு ஜமீன் மாளிகை. பாதி நேரம் அடுப்படியைத்தான் காட்டினார்கள். செம்புப் பாத்திரங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று ஜனங்கள் “லவ்லி, லவ்லி” என்றார்கள். அந்த ஊரில் மழை பெய்தாலும் லவ்லி, பஸ் வந்தாலும் லவ்லி. என் தேயிலை நன்றாக இருக்கிறது என்று இவர்கள் சொன்னால்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. நான் விடியற்காலையே குளித்து, சலவைச் சட்டை போட்டு, டப்பாவோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சிநேகிதன் கொட்டாவி விட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தான். “டேய், அவங்க இன்னைக்கு முடியாதுன்னுட்டாங்கடா. அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லீருக்காங்க. நம்ம பேக்டரி பேரையும் அட்ரசையும் மட்டும் கேட்டு எழுதிக்கிட்டாங்களாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த ஞாயிறு எனக்கு விமானம். ஊரில் நாற்பது குடும்பம் நான் போன் பண்ணுவேன் என்று காத்துக்கிடக்கிறது. இந்தக் கிழவிக்கு என்ன வந்தது? ஒரு கப் டீ குடித்துப் பார்க்க ஒரு வாரமா? பெரிய மகாராணி என்று நினைப்பு! “உங்க ஊரு சனங்களுக்கு வேலையே இல்லியாடா?” என்று சிநேகிதன்மேல் பாய்ந்தேன். அவன் பாவம், என்ன செய்வான்? என்னைச் சமாதானப்படுத்த காரில் ஏற்றி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஊட்டியில் படித்தவன், குன்னூர்க்காரனுக்கு மலை காட்டுகிறான்! ஐந்து மணி நேரம் கார் ஓட்டினான். ஏரி இருந்தது, படகு இருந்தது, மேகம் இறங்கியது, ஸ்வெட்டர் போட்டவர்கள் சோளம் தின்றுகொண்டு போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீராவி ரயில்கூட ஒன்று புகைவிட்டுக்கொண்டு போனது. “ஊட்டி மாதிரியே இருக்குதில்லடா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. “ஊட்டி மாதிரி இருக்கறதப் பார்க்கறதுக்கு நான் எதுக்குடா ஊட்டிய விட்டுட்டு வரணும்? ஒரு செடி இருக்குதா பாரு. அத்தன மலையையும் செம்மறி ஆட்டுக்கு விட்டு வெச்சிருக்கறானுக” என்றேன். அவன் மனைவி எங்கள் மூன்று பேரையும் ஏரியோரம் நிற்கவைத்து, அங்கே போன ஒரு ஆளிடம் கேமராவைக் கொடுத்துப் போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. சிநேகிதன் கொடுத்த கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு நான்தான் நடுவில் நிற்கிறேன். சட்டைக்குள் டப்பா இருந்ததால் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரமும் பட்டியல் தீரவில்லை. பாலம், கோபுரம், செத்தவர்களின் மெழுகுப் பொம்மை. எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் மனசுக்குள் திட்டினேன். திட்டத் திட்ட நாள் போவது தெரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை கிழவியின் கடைக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையைவிடச் சின்னது. எழுபத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. கருநீல ஏப்ரன் கட்டியிருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு, வளவளவென்று பேசாமல் நேராகப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் அந்தப் பதினைந்து நாளில் முதல்முறையாக என் வாய் அடைத்தது. ஜன்னல் ஓரமாக நீள மேசை. அதன்மேல் மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகள், துப்புவதற்குப் பித்தளைச் சட்டி, சின்னத் தராசு. எடைக்கல்லுக்குப் பதில் தட்டில் ஒரு பழைய வெள்ளிக்காசு. குன்னூரில் ஏலத்துக்கு முன்னால் புரோக்கர் ஆபீஸில் ருசி பார்க்கும் அறை எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே இருந்தது. சரி, இவள் ஒருத்தியாவது தொழில் தெரிந்தவள் என்று நினைத்தேன்.

டப்பாவைக் கொடுத்தேன். தூளைக் கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்தாள். காசு எடைக்கு நிறுத்துக் கோப்பையில் போட்டாள். பிறகு மேசை அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, அதிலும் காசு எடைக்கு இன்னொரு கோப்பையில் போட்டாள். இரண்டிலும் கொதிக்கிற தண்ணீர் விட்டு, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, ஆறு நிமிஷம் காத்திருந்தாள். வடித்தானதும் என்னைப் பார்த்து, “நீங்கள் டீ மேக்கர். இரண்டையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ அந்த ஊர்க் கடைச் சரக்கை வைத்து என்னைச் சோதிக்கிறாள். முதல் கோப்பையில் கரண்டியை விட்டு, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பினேன். என்னுடையதேதான். செம்புக் காசு நிறம், நாக்கில் ஒரு சுறுக்கு, பின்னால் பூ வாசனை. நானே சொன்னால் நன்றாக இருக்காது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டாவது கோப்பை. உறிஞ்சினதும் முகம் கோணிக்கொண்டது. சட்டியில் துப்பிவிட்டு இன்னொரு தரம் துப்பினேன். பதினைந்து நாளாக உள்ளே சேர்த்து வைத்திருந்த எரிச்சல் எல்லாம் அந்தக் கோப்பைமேல் போய் விழுந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் தேயிலையைத் திட்டுவதற்கான ஆங்கிலம் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. ஃப்ளாட், டல், பர்ன்ட் என்று அடுக்கினேன். அது போதாமல் சிநேகிதனிடம் தமிழில் கொட்டினேன்.

“இது டீயாடா? கத்திரி போட்டு வெட்டுன முத்தல் எல. காம்பும் தழையுமா அள்ளிட்டு வந்து, வாட்டாம கொள்ளாம மெசின்ல தள்ளியிருக்கறான். அடுப்புல தீய ஏத்தி விட்டுட்டு எங்கியோ காபி குடிக்கப் போயிட்டான். இதப் போட்டவன கழுத்தப் புடிச்சு பேக்டரிய விட்டு வெளிய தள்ளோணும். இவன மாதிரி ஆளுகனாலதான் நாங்க எல்லாம் நாசமாப் போனோம். அப்படியே சொல்லு அவங்ககிட்ட!”

அவன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். கிழவி கடைசிவரை கேட்டுக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை, அதிலிருந்தே எனக்கு என்னவோபோல் ஆனது. மேசை அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தாள்.

பொட்டலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் பேக்டரி பெயர். அதற்குக் கீழே லாட் நம்பர். அதற்குக் கீழே டீ மேக்கர் என்று போட்டு ஒரு கையெழுத்து. என் கையெழுத்து. பூட்டுவதற்கு முந்தின மாதம் ஏலத்துக்கு அனுப்பினது. போன சனிக்கிழமை பேக்டரி பெயரைக் கேட்டு வாங்கினவள், குன்னூர்ப் புரோக்கருக்குச் சொல்லி, அங்கே மிச்சம் இருந்த சேம்பிளைக் கூரியரில் வரவழைத்திருக்கிறாள். ஒரு கப் டீ குடிக்க ஒரு வாரமா என்று நான் கத்தினேனே, அந்த வாரம்.

என் சரக்கை நான் எப்படி அடையாளம் தெரியாமல் விட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்த அரைக்கிலோவைத் தவிர, பேக்டரி டீயை நான் வாயில் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏலத்துக்கு முன்னால் ருசி பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எப்படி இருக்கும் என்று தெரிந்துபோனதால் பார்க்காமலே போட்டேன். அதற்குத்தான் அந்தப் பிளாஸ்கும் காபியும்.

கிழவி மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஆர்டர் கொடுத்தால், மாதாமாதம் இந்த இரண்டில் எதை எனக்கு அனுப்புவீர்கள்?”

சிநேகிதன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். முதலாவது என்று சொல்லடா என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். ஆனால் கிள்ளிய இலை வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். விவசாயிக்குக் கிள்ளுகிற கூலி கட்டாது, கத்திரிதான் போடுவான். முதலாளி எடைதான் பார்ப்பார். நானும் அடுப்புப் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டாவது கோப்பையை விரலால் தொட்டுக் காட்டினேன். கிழவி தலையசைத்துவிட்டு, டப்பாவில் இருந்த மிச்சத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். தான் குடிக்கவாம். வாசலில் நின்று என் கையைக் குலுக்கி, “நன்றாகச் செய்யத் தெரிந்தவர் நீங்கள்” என்றாள். நான் வாங்கிய திட்டிலேயே பெரிய திட்டு அதுதான்.

ஊருக்கு வந்தேன். முதலாளியிடம் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். ஏன், எப்படி என்று அவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் லாரியோடு வந்தான். அவரவர் சாமானை எடுத்துக்கொள்ள ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றேன். சலிப்பறை அம்மாவும் வந்தாள்.

“சீமையில நம்ம தேத்தண்ணி புடிக்கலீங்களா ஐயா?”

அவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “நீ பொறுக்கிக் கொடுத்தது ரொம்பப் புடிச்சதும்மா. நாம எப்பவும் போடறதுதான் புடிக்கல.”

விவசாயி கத்திரி போட்டது, முதலாளி எடை பார்த்தது, விலை விழுந்தது என்று வரிசையாகச் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். விமானத்தில் வரும்போது முழுக்க அதைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அப்ப தெனமும் அதையே போட்டிருக்கலாமேங்க ஐயா” என்றாள்.

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். சலிப்பறைக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த அந்த வெள்ளைத் துணியை எடுத்து, உதறி, மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.